கைம்மாறு கருதாத ஆசான்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குத் திருச்சிராப்பள்ளி மண்ணோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றி எழுதித் தருக என்று கேட்கப்பட்டபோது, ஊதியம் பெறாமல் கற்பித்தவர் ஒருவரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். மாதந்தோறும் ஊதியம் பெற்றுத் தமிழ் கற்பிப்பவள் நான். திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் மலைக்கோட்டை என் கண்ணில் படுகிறது. அதன் அடிவாரத் தெருக்களில் ஒருவர் கட்டணம் என்ற சொல்லையே அறியாதவராய்ப் பாடம் சொன்னார் என்ற நினைவும் உடன் எழுகிறது. அந்த நினைவு எப்போதும் இனிமையாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாமாகவே முன்வந்து கற்பித்தோர் இவ்வூருக்குப் புதியவரல்லர். செருமானிய நாட்டிலிருந்து கடல் கடந்து 1750இல் தரங்கம்பாடியில் இறங்கிய சுவார்ட்சு ஐயர், 1760களில் திருச்சிக் கோட்டையில் ஆதரவற்ற சிறார்க்குப் பள்ளி தொடங்கினார். தமக்கு வந்த பொருளில் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டார். மணம் செய்துகொள்ளாமல், தாய்நாடு திரும்பாமல், 1798இல் தஞ்சையில் மறைந்தார். இந்நாளிலும் வெளிநாட்டு இளைஞர்கள் ஓராண்டு, ஈராண்டு நம் நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் கற்பித்துச் செல்கின்றனர். அவர்களுக்குப் பின்னே ஒரு சபையோ ஒரு நிறுவனமோ நிற்கிறது. நான் சொல்ல வந்தவருக்குப் பின்னே நெடுங்காலம் எதுவும் நிற்கவில்லை. அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள எண்ணெயூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. குடும்பம் மதுரையிலிருந்து வந்தது; மீனாட்சியம்மையின் பெயர் குழந்தைக்கு வாய்த்தது அதனால்தான். தந்தையார் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் நிகண்டும் சதகமும் கற்பித்து, ஊரார் தரும் நெல்லிலும் ஆதரவிலும் வாழ்ந்தவர். எண்ணெயூரிலிருந்து அதவத்தூர், அங்கிருந்து சோமரசம்பேட்டை என்று அக்குடும்பம் இடம் மாறியதும் அந்தத் திண்ணைப் பள்ளியை ஒட்டித்தான். ஆகவே கல்வியைக் காசுக்கு நிறுத்துத் தராத வழக்கம் பிள்ளையவர்களுக்குப் பிறந்த வீட்டிலேயே பழகியது. ஆனால் அவ்வழக்கத்தால் வரும் வறுமையும் அதே வீட்டில் இருந்தது. ஏறத்தாழப் பதினைந்து வயதில் அவர் தந்தையை இழந்தார். கற்க வேண்டியது மிகுதி, கற்பிப்பவர் இல்லை, கையில் பொருளும் இல்லை என்ற நிலையில் திருச்சிராப்பள்ளிக்குக் குடிவந்தார்.

அக்காலத்தில் தமிழ் நூல் ஒன்றைக் கற்பதென்றால் என்ன என்பதை இன்றைய நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இந்நாட்டவர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தும் உரிமையே 1835இல்தான் கிடைத்தது. அதற்குப் பின்னும் நூல்கள் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளாகவே இருந்தன. சுவடி வைத்திருப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் மனம் இளகும்வரை காத்திருக்க வேண்டும். இரவல் பெற்றுத் தம் கையாலேயே படி எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்குப் பொருள் சொல்லத் தெரிந்தவரைத் தேட வேண்டும். மலைக்கோட்டையிலிருந்த மௌன மடத்து வேலாயுத முனிவர் பிள்ளையவர்களுக்கு முதலில் வாய்த்த பெருந்துணை. தாயுமானவரின் குருமரபைச் சேர்ந்த அம்மடத்தின் சுவடிகள் பிள்ளையவர்களின் கைக்கு வந்தன; படிகளாகப் பெருகின.

தண்டியலங்காரம் கற்ற வரலாறு நம் வட்டத்தாரில் பலர் அறிந்ததே. ஆயினும் அதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. அந்நூலைப் பாடம் சொல்லத் தெரிந்தவர் அப்போது ஊரில் ஒரே ஒருவர். அவர் வீடுதோறும் பிச்சை ஏற்று உண்ணும் ஒரு பரதேசி. தமக்குத் தெரிந்ததைப் பிறருக்கு எளிதில் சொல்லிவிடாத செருக்கு உடையவர். பிள்ளையவர்கள் அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்களிலெல்லாம் அவர் பின்னே சென்றார். அவருக்குப் பிடித்தமானவற்றை வாங்கிக் கொடுத்தார். அவர் மனம் மகிழ்ந்திருக்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு பகுதியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அணியிலக்கணம் அவருக்குத் தெருவில் நடந்தபடியே கிடைத்தது. பிற்காலத்தில் தம்மைத் தேடி வந்த ஒருவரையும் அவர் காக்க வைத்து அலைக்கழிக்காததற்குக் காரணம் இத்தெருக்கள்தாம் என்று நான் கருதுகிறேன். கற்பதற்காகத் தாம் பட்டதைப் பிறரும் பட்டுத்தான் தீர வேண்டும் என்று எண்ணும் ஆசிரியர் உலகில் நிறையவே உண்டு. பிள்ளையவர்கள் அந்த வழியில் செல்லவில்லை.

பின்னர்ச் சென்னைக்குச் சென்று திருத்தணிகை விசாகப்பெருமாளையர், காஞ்சீபுரம் சபாபதி முதலியார், திருவம்பலத்தின்னமுதம் பிள்ளை முதலியோரிடம் ஐயம் தெளிந்து மீண்டார். மீண்ட பின் திருச்சிராப்பள்ளியில் அவர் இல்லம் ஒரு கல்விச்சாலையாயிற்று. அங்கே வகுப்பு என்பது கிடையாது. நேரம் என்பதும் கிடையாது. ஒருவர் நைடதம் கேட்பார். மற்றொருவர் யாப்பருங்கலக் காரிகை கேட்பார். நடுவே ஒருவர் தாம் இயற்றிய அந்தாதியைத் திருத்திக்கொள்ள வந்து அமர்வார். அரங்கத் தீவிலுள்ள திருவானைக்கா அகிலாண்டநாயகியின் மீது மாலையும் பிள்ளைத்தமிழும் பாடியதும், உறையூருக்குப் புராணம் பாடியதும் இவ்வூர்த் தொடர்பின் பயன்களே. பாடிக்கொண்டே பாடமும் சொல்வார். பாடம் சொல்லிக்கொண்டே பாடவும் செய்வார். அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் மாணாக்கரின் எழுத்தாணிதான் பின்தங்குமேயன்றி அவர் வாக்குத் தடைப்பட்டதில்லை என்பது கண்டவர் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் செய்தி.

இத்தனை பேருக்கும் உணவு எங்கிருந்து வந்தது? பிள்ளையவர்களைப் பற்றி எழுதுவோர் பலரும் இவ்விடத்தில் அவருடைய வள்ளன்மையைப் புகழ்ந்துவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றனர். வள்ளன்மை உண்மைதான், ஆனால் அரிசி கடையிலிருந்துதானே வர வேண்டும்?

விடை அவருடைய நூற்பட்டியலில் இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள், பத்தளவில் பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், கலம்பகங்கள் என்று நீளும் அப்பட்டியலைப் பார்த்து மலைக்கிறோம். அல்லது, உண்மையைச் சொன்னால், சலிக்கிறோம். ஒரு தலத்தின் அன்பர்களோ செல்வர்களோ தம் ஊருக்குப் புராணம் வேண்டும் என்று கேட்பர். வடமொழிப் புராணத்தை ஒருவர் வாசித்துப் பொருள் சொல்ல, பிள்ளையவர்கள் அதைத் தமிழ்க் காப்பியமாக ஆக்குவார். அரங்கேற்றம் பல நாள் நடக்கும். நிறைவு நாளில் சுவடி ஊர்வலமாகச் செல்லும். பொன்னாடையும் பொருளும் வழங்கப்பெறும். அப்பொருள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே மாணாக்கரின் உணவுக் கடனுக்கும் உடைக்கும் சுவடிக்கும் கணக்காகிவிட்டிருக்கும். பாட்டுக்குப் பொருள் பெற்றார், பாடத்துக்குப் பெறவில்லை. ஒன்றை விற்று மற்றொன்றை வழங்கினார் என்று சொன்னால் அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதுவே நடந்தது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் திறனாய்வாளர் பலர் தலபுராணங்களை ஒரே அச்சில் வார்த்த செயற்கைப் படைப்புகள் என்று ஒதுக்கினர். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று மீண்டும் மீண்டும் வரும் அமைப்பில் அக்குற்றச்சாட்டுக்கு இடமுண்டு என்பதை, அவற்றுள் சிலவற்றை முழுவதும் படித்தவள் என்ற முறையில் நானும் மறுக்கமாட்டேன். சேக்கிழார் பிள்ளைத்தமிழில் காணும் நெகிழ்ச்சி எல்லாப் புராணத்திலும் இல்லை. ஆயினும் கவிஞர்களாகிய நம் வட்டத்தார் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அந்த மனிதர் தம் கவித்துவத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் குறைவாகப் பாடியிருக்கலாம். குறைவாகப் பாடியிருந்தால் குறைவான மாணாக்கருக்கே சோறு போட்டிருக்க முடியும். இவ்விரண்டனுள் அவர் எதைத் தேர்ந்தார் என்பது தெரியாமல் அவருடைய புராணங்களை எடைபோடுவது நேர்மையாகாது.

மாணாக்கர் யாவர் என்று பார்த்தால் அவருடைய திண்ணையின் அகலம் விளங்கும். இலால்குடியை அடுத்த பூவாளூர் தியாகராச செட்டியார், சோடசாவதானம் சுப்பராய செட்டியார், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், புதுச்சேரிச் சவராயலு நாயகர், இறுதிவரை நிழல்போல் உடனிருந்த சவேரிநாத பிள்ளை, உத்தமதானபுரம் சாமிநாதையர் எனச் சைவரும் முகம்மதியரும் கிறித்தவரும் அந்தணரும் ஒரே ஆசானிடம் பாடம் கேட்டனர். நெற்றி நிறையத் திருநீறு அணிந்து சிவபூசையில் வழுவாதவர் அவர். ஆனால் மாணாக்கனின் சமயத்தைக் கேட்டுப் பாடத்தை அளந்தவரல்லர். குளத்தூரில் பிறந்து முனிசீப்பாக விளங்கிய கிறித்தவர் வேதநாயகம் பிள்ளையின் மீது குளத்தூர்க் கோவை பாடிய நட்பும் அவருடையது.

அத்திண்ணையின் எல்லையையும் நான் குறிக்க வேண்டும். வரலாற்றில் பெயர் காணப்படும் அவருடைய மாணாக்கருள் ஒரு பெண்ணும் இல்லை. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுள் ஒருவரும் இல்லை. காலத்தின் குறை என்று சொல்லி ஆறுதலடையலாம். ஆனால் நான் முனைவர் பட்டத்துக்காகப் பிள்ளைத்தமிழ் நூல்களைப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், இவற்றை இயற்றியவரின் வீட்டு வாயிலில் நான் சென்று நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி என்னைப் பலமுறை உறுத்தியது. கட்டணம் வாங்கும் பள்ளியும் ஊதியம் வாங்கும் ஆசிரியரும் வந்த பிறகுதான் எங்களுக்குக் கதவு திறந்தது. இலவசக் கல்வியைப் போற்றும்போது இதையும் மறவாதிருப்பது நல்லது.

ஏறத்தாழ 1860இல் பிள்ளையவர்கள் மாயூரத்துக்குக் குடிபெயர்ந்தார். வேதநாயகம் பிள்ளையின் நட்பும் திருவாவடுதுறை ஆதீனத்தின் அண்மையும் அதற்குத் துணையாயின. அவ்வாதீனத் தலைவராயிருந்த அம்பலவாண தேசிகர் மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த சுப்பிரமணிய தேசிகர் அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். மடத்துத் தம்பிரான்மாருக்கும் வெளி மாணாக்கருக்கும் பாடம் சொல்லும் ஆதீன வித்துவானானார். அப்போதுதான் நிலையான ஆதரவு ஒன்று கிட்டியது. கிட்டிய அளவுக்கு மாணாக்கர் தொகையும் கூடியதால் வீட்டின் நிலை பெரிதும் மாறவில்லை.

அங்கே 1871இல், பதினாறு வயது நிரம்பிய சாமிநாதையர் தம் தந்தையாருடன் வந்து சேர்ந்தார். வெங்கடராமன் என்று வழங்கிய பெயரைச் சாமிநாதன் என்று மாற்றி அழைத்தவர் பிள்ளையவர்களே. பாடம் சொல்ல இசைந்தார். உணவு பற்றிய பேச்சு எழுந்தபோதுதான் தயங்கினார். அந்தணச் சிறுவன் தம் வீட்டில் உண்ண முடியாத அக்கால வழக்கில், வெளியே ஏற்பாடு செய்யத் தம்மிடம் வசதியில்லையே என்பதே அத்தயக்கம். அச்செலவைத் தந்தையார் ஏற்றார். அவரும் ஏழையே. கற்பிப்பவர் ஒன்றும் கேட்கவில்லை. கற்பவர் வீட்டிலோ ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி இத்தகைய இரண்டு வறுமைகளின் நடுவே நடந்தது.

தொடக்கத்தில் புதிய மாணவனைச் சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்குமாறு ஆசிரியர் விட்டிருந்தார். ஆசிரியரின் வாயாலேயே கேட்க வேண்டுமென்று சிறுவனுக்கு ஏக்கம். பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் பெரும் விருப்பம். விடியற்காலையில் செடிதோறும் சென்று புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இதைக் கவனித்த மாணவன் அவருக்கு முன்பே எழுந்து, தளிர்களைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்து, அவர் வந்ததும் காட்டலானான். முகம் மலர்ந்த ஒரு காலையில் தன் வேண்டுகோளையும் தெரிவித்தான். அன்று தொடங்கிய பாடம் ஐந்தாண்டுகள் நீண்டது. திருச்சித் தெருவில் பரதேசியின் பின்னே நடந்த இளைஞனுக்கும் மாயூரத்துத் தோட்டத்தில் தளிர் தேடிய சிறுவனுக்கும் எவ்வளவு தொலைவு என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. முதலாமவன் காத்திருந்த காலம் மிக நீண்டது. இரண்டாமவன் கேட்டவுடன் பெற்றான்.

குறையே இல்லாதவராக அவரைக் காட்டுவது அவருக்குச் செய்யும் தீங்கு. இசையிடம் அவருக்கு மனம் செல்லவில்லை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை கற்று வந்ததை அறிந்ததும் அவர் விரும்பாமையைக் குறிப்பாகத் தெரிவிக்க, மாணவர் இசைப் பயிற்சியை விட்டார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை வந்தபோதும், இலக்கண வழுக்களை எண்ணித் தட்டிக்கழித்தார். பின்னர் ஒருநாள் பாரதியார் தமக்குள் பாடியதைக் கேட்டு உருகிப் பாயிரம் தந்தார். இலக்கணம் கண்ணை மறைக்க, காது திறந்து வைத்த கதை இது. யாப்புக்கும் புதுமைக்கும் இடையே ஓயாமல் வழக்காடும் நம் வட்டத்து நண்பர்கள் இரு தரப்பாரும் இதைத் தத்தம் சார்பில் காட்டிக்கொள்ளலாம்.

கடைசி ஆண்டுகளைக் கடன் சூழ்ந்துகொண்டது. கொடுத்தவர் கேட்கத் தொடங்கினர். திருப்பெருந்துறைக்குப் புராணம் பாடி அரங்கேற்றச் சென்ற பயணத்தில், கடன் தீரும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஊர் ஊராகச் செல்லும் அப்பயணங்களிலும் மாணாக்கர் உடன் செல்வர். வண்டியிலும் பாடம் நடக்கும். தங்கும் சத்திரத்திலும் நடக்கும். உடல்நலம் குன்றியபோதும் ஏடு மூடப்படவில்லை. கடனைத் தீர்க்க மாணாக்கரிடம் சிறு தொகை பெறலாமே என்று யாரேனும் அவருக்குச் சொன்னார்களா என அறிய எனக்கு ஆவல். சொல்லியிருந்தால் அவர் அதை ஒரு நகைச்சுவையாகவே கொண்டிருப்பார்.

1876 பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்தது. சவேரிநாத பிள்ளை தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தார். கிறித்தவ மாணாக்கரின் மார்பில் சாய்ந்து, அந்தண மாணாக்கர் ஓதத் திருவாசகம் கேட்டுக்கொண்டே சைவப் பெரும்புலவர் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று நிறைவடையவில்லை. குடும்பத்துக்கு எஞ்சியது கடன்.

தியாகராச செட்டியார் அப்போது கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர். 1865 முதல் ஊதியம் பெற்றுக் கற்பித்தவர். ஆசிரியர் இலவசமாகத் தந்த அதே தமிழ், மாணாக்கர் கையில் அரசு ஊதியத்துக்குரிய பணியாயிற்று. இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று பேசுவோரும் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. 1880இல் ஓய்வுபெறும்போது செட்டியார் தம் இடத்துக்கு வேறு யாரையும் எண்ணாமல் சாமிநாதையரை முன்னிறுத்தினார். மடத்துத் தலைவரிடம் பேசி இசைவு பெற்றார். கல்லூரித் தலைவரிடமும் பரிந்துரைத்தார். மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் ஐயர் அப்பணியேற்றார். அந்த ஊதியம் இல்லாமல் 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியிருக்குமா என்பது ஐயமே. பின்னர்ச் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் வந்தன. ஆசிரியரைப் பற்றி இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஐயர் வெளியிட்ட வரலாற்று நூலும் வந்தது. பிள்ளையவர்களைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்நூலின் வாயிலாக அறிந்தவையே. அரங்கேற்றத்துக்குக் கிடைத்த பொன்னாடைகளில் ஒன்றும் இன்று இல்லை; பாடம் கேட்ட ஒருவர் எழுதிவைத்தது இருக்கிறது.

சென்னைத் திருவல்லிக்கேணியில் ஐயர் பின்னாளில் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். ஊதியத்தோடு கூடிய பணியைத் தமக்குப் பெற்றுத் தந்த பூவாளூர்க்காரரின் பெயர் அது. ஆசிரியரின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். நான் உடனே விடை சொல்லவில்லை. பிள்ளையவர்களிடம் பெற்றதற்கு ஒரு வீட்டின் பெயர் ஈடாகாது என்று ஐயர் எண்ணியிருக்கலாம். வீடு வாங்கும் நிலை யாரால் வந்ததோ அவர் பெயரே வீட்டுக்கு உரியது என்றும் கருதியிருக்கலாம். அந்தப் பெண் இரண்டாவதையே ஏற்றுக்கொண்டாள். பட்டம் பெற்றபின், ஞாயிற்றுக்கிழமைகளில் அதவத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித் தருகிறாள். கட்டணம் உண்டா என்று நான் இன்னும் கேட்கவில்லை.